இழப்பைத் தாங்குவது யார்?

இங்கிலாந்தின் நார்விச் நகரில் உள்ள கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970இல் படைப்பெழுத்துக்கென முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் நடத்திய அந்த வகுப்பின் முதல் மாணவர் இயன் மெக்கீவன். பின்னாளில் கசுவோ இஷிகுரோவும் அங்கே படித்தார். நாவல் எழுதப் பழகுபவர், நாவல் விற்கும் தொழிலையும் படித்தாக வேண்டும். அதைப் பெரும் பதிப்பகமான பென்குயின் ரேண்டம் ஹவுஸையும், அதே நார்விச்சில் 2012இல் தொடங்கப்பட்ட சிறு பதிப்பகமான கேலி பெக்கர் பிரஸ்ஸையும் அருகருகே வைத்துப் படிப்பதே சரி என்பேன். ஒன்றை மட்டும் படித்தால் பாதிதான் புரியும்.

முதலில் பெரியது. 2013இல் இரு பெருநிறுவனங்கள் இணைந்து உருவானது அது. எழுத்தாளர் நேராகப் போய்க் கைப்பிரதியைக் கொடுத்துவிட முடியாது; முகவர் வழியாகவே நுழைய வேண்டும். தமிழில் எழுத்தாளரும் பதிப்பாளரும் நேரடியாகப் பேசிக்கொள்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படும். எடிட்டருக்குப் பிடித்துவிட்டாலும் போதாது. விற்பனைப் பிரிவும் விளம்பரப் பிரிவும் உட்காரும் கூட்டத்தில் ஒரு கேள்வி வரும்: இதைப் போன்ற புத்தகம் இதற்கு முன் எத்தனை பிரதி விற்றது?

சைமன் அண்ட் ஷூஸ்டர் என்ற பதிப்பகத்தை 217.5 கோடி டாலருக்கு வாங்க இந்நிறுவனம் முயன்றபோது, 2022இல் அமெரிக்க நீதிமன்றம் அதைத் தடுத்தது. வழக்கமாக வெளியே வராத கணக்குகள் அந்த வழக்கில் வந்தன. அவர்கள் வெளியிடும் நூறு நூல்களில் லாபம் பார்ப்பவை ஏறத்தாழ 35. லாபம் தரும் நூல்களிலும் உச்சியில் உள்ள 4 சதவீதமே மொத்த லாபத்தில் 60 சதவீதத்தை ஈட்டுகிறது. மாணவர்கள் இதைப் பேராசை என்று திட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. ஒரு நூலின் நஷ்டத்தை இன்னொரு நூல் ஈடுகட்டும் ஏற்பாடு இது. பலருடைய முதல் நாவல்கள் இந்த நிழலில்தான் வெளிவருகின்றன. ஆனால் முன்மாதிரியே இல்லாத நாவலுக்கு அந்தக் கூட்டத்தில் பதில் கிடையாது.

எழுத்தாளர் ஈமர் மெக்பிரைடுக்கு நேர்ந்தது இதுதான். ஆறு மாதத்தில் எழுதி முடித்த ‘எ கேர்ள் இஸ் எ ஹாஃப்-ஃபார்ம்ட் திங்’ என்ற முதல் நாவல், ஒன்பது ஆண்டுகள் பதிப்பாளர் கிடைக்காமல் கிடந்தது. உடைந்த வாக்கியங்களால் ஆன அந்த நடையை எந்த அலமாரியில் வைத்து விற்பது என்று யாருக்கும் தெரியவில்லை. மெக்பிரைட் நார்விச்சில் குடியேறிய பிறகு, கைப்பிரதி பற்றிய பேச்சு அங்குள்ள புக் ஹைவ் கடைக்காரர் ஹென்றி லேட் காதுக்குப் போனது. கேலி பெக்கரைத் தொடங்கிய மூவரில் அவரும் ஒருவர். நூல் 2013இல் வந்தது. அதே ஆண்டு கோல்ட்ஸ்மித்ஸ் பரிசையும், மறு ஆண்டு பெண்களுக்கான பெய்லிஸ் பரிசையும் பெற்றது. இங்கே விற்பனைக் கூட்டம் கிடையாது. படித்தவர்களே முடிவெடுத்தார்கள், பணம் போட்டவர்களும் அவர்களே.

அந்தத் துணிச்சலுக்கு விலையும் உண்டு. லூசி எல்மனின் ‘டக்ஸ், நியூபரிபோர்ட்’ ஆயிரம் பக்கத்துக்கு மேல், பெரும்பகுதி ஒரே வாக்கியமாக ஓடும் நாவல். அவருடைய முந்தைய பதிப்பகம் வேண்டாமென்றதைக் கேலி பெக்கர் ஏற்றது. 2019 புக்கர் இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. பரிசு எழுத்தாளர்களான அட்வுட்டுக்கும் எவரிஸ்டோவுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டது. பரிசு பெற்ற அவர்களுடைய நாவல்கள் இரண்டுமே பென்குயின் ரேண்டம் ஹவுஸின் துணைப் பதிப்பகங்கள் வெளியிட்ட நூல்கள். புக்கர் பட்டியலை ஒட்டி ‘தி புக் பீப்பிள்’ என்ற விற்பனை நிறுவனம் சிறப்புப் பதிப்பு கேட்க, கேலி பெக்கர் அச்சடித்துக் கொடுத்தது. டிசம்பரில் அந்த நிறுவனம் நொடித்துப்போனது. வரவேண்டிய 40,000 பவுண்டு நின்றுவிட, பதிப்பகமே மூடப்படும் நிலை. பெரிய நிறுவனத்தில் வாராக்கடன் பட்டியலில் ஒரு வரியாகப் போயிருக்கும் தொகை அது. இங்கே வாசகர்கள் நன்கொடை திரட்டிக் காப்பாற்றினார்கள்.

இரு பக்கமும் எழுத்தாளரின் நிலை பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. 10 பவுண்டு பேப்பர்பேக்குக்கு வழக்கமான 7.5 சதவீத ராயல்டி என்றால் கிடைப்பது 75 பென்ஸ். முகவரின் 15 சதவீதம் போக 64. புத்தகக் கடைக்கோ பாதி விலை வரை கழிவு. எழுத்தையே முதன்மைத் தொழிலாகக் கொண்டவர்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 2006இல் 12,330 பவுண்டாக இருந்தது, 2022இல் 7,000 ஆனது. இந்தக் கணக்கை முதல் பருவத்திலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

எனவே பெரியது எதிர் சிறியது என்று பிரித்து ஆய்வேடு எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. பரிசு வாங்கிய பிறகு மெக்பிரைடின் முதல் நாவலுக்குப் பேப்பர்பேக் போட ஃபேபர் பதிப்பகம் சேர்ந்துகொண்டது. 2016இல் அவருடைய அடுத்த நாவல் ஃபேபரிலேயே வந்தது. எழுத்தாளருக்கு அது நியாயமான முன்னேற்றம். ஆனால் எவரும் தொடத் தயங்கிய கைப்பிரதியில் முதல் பணம் போட்ட சிறு பதிப்பகத்துக்கு, அந்த எழுத்தாளரின் பின்னாளைய விற்பனையில் பங்கு எதுவும் உண்டா, ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு அதைத் தீர்மானிக்கிறது என்பதை மாணவர்கள் தேடிப் படிக்கட்டும். 2022 தீர்ப்பையும் ‘தி புக் பீப்பிள்’ திவாலான கதையையும் ஒரே வாரப் பாடமாக வைத்தால் அந்தத் தேடல் அங்கேயே தொடங்கிவிடும்.