தொட்டிக்குள் ஒரு வலம்புரி

எங்கள் தோவாளை வீட்டில் அறுபது லிட்டர் மீன்தொட்டி ஒன்று இருக்கிறது. மகளுக்காக வாங்கியது என்று வெளியே சொல்லிக்கொள்வேன். பாதி ஆசை என்னுடையது. கொஞ்சம் கப்பி, பத்திருபது செர்ரி இறால், நாகர்கோவிலில் வாங்கிய வாலிஸ்நேரியாச் செடி. அந்தச் செடியோடுதான் நத்தை வந்தது. இலைக்கு அடியில் ஜெல்லி மாதிரி ஒட்டியிருந்த முட்டையை நான் கவனிக்கவில்லை. இரண்டு மாதத்தில் கண்ணாடி முழுக்க மிளகைக் கொட்டியதுபோல நத்தை.

நான் செய்தது முட்டாள்தனம். நத்தையைக் கொல்லும் மருந்து ஒன்றை வாங்கி, சீட்டைப் படிக்காமல், ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்றினேன். மறுநாள் விடியற்காலை, பூச்சந்தைக்குப் போகும் வண்டிகள் தெருவில் ஓடிக்கொண்டிருந்த நேரம், மகள் வந்து எழுப்பினாள். "எறாலு ஒண்ணும் அனங்கல்ல, அப்பா." நத்தையில் பாதிதான் செத்திருந்தது. இறால் ஒன்றுகூட மிஞ்சவில்லை. செத்த நத்தைகள் அழுகி தண்ணீரில் அம்மோனியா ஏறியதில் அன்று மாலைக்குள் நான்கு கப்பியும் போயிற்று.

பிறகுதான் சீட்டைப் படித்தேன். மருந்தில் இருந்தது செம்பு. அதாவது மயில்துத்தம்; எங்கள் பக்கத்தில் துருசு என்போம். ரப்பருக்கும் கமுகுக்கும் சுண்ணாம்போடு கலந்து அடிக்கிற அதே துருசு. இறாலின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புள்ள ஒரு புரதம்தான். ஆனால் தண்ணீரில் செம்பு கூடினால் செவுள் வழியாக உப்பை உறிஞ்சும் வேலை கெட்டுப்போகிறது. மென்னீரில் இந்த விஷம் இன்னும் கடுமை. எங்கள் வீட்டுக்கு வருவது மலைத் தண்ணீர், கடினத்தன்மை ரொம்பக் குறைவு.

நத்தைக்குத் துருசு போடும் வழக்கம் மீன்தொட்டிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. 1851இல் கெய்ரோவில் தியோடர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், சிறுநீரில் ரத்தம் போகும் ஒரு நோய்க்குக் காரணமான புழுவைக் கண்டார். அந்தப் புழு நன்னீர் நத்தைக்குள் வளர்ந்துதான் மனிதனுக்கு வருகிறது என்பதை 1915இல் எகிப்தில் ராபர்ட் லீப்பர் நிரூபித்தார். அதன் பிறகு எகிப்திலும் சூடானிலும் பாசன வாய்க்கால்களில் நத்தையைக் கொல்ல மயில்துத்தத்தைக் கரைத்துவிட்டார்கள். அங்கே மனித உயிர் பிரச்சினை. என் வீட்டில் கண்ணாடி அசிங்கமாகத் தெரிகிறது என்பது மட்டும்தான் பிரச்சினை. அதற்கும் அதே ஆயுதம்.

மனசு கேட்காமல் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தேன். கிடைத்தது என்னை இன்னும் கூச வைத்தது. வீட்டு மீன்தொட்டி என்ற ஏற்பாடே நத்தையின் புண்ணியத்தில் நிலைத்ததுதான்.

லண்டனில் மருந்தாளுநர் சங்கத்தின் வேதியியலாளராக இருந்தவர் ராபர்ட் வாரிங்டன். தண்ணீர் மாற்றாமல் மீன் வளர்க்க முடியுமா என்று 1849இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். பன்னிரண்டு காலன் (சுமார் 55 லிட்டர், ஏறக்குறைய என் தொட்டி அளவு) கொள்ளும் கண்ணாடிக் கலம். அடியில் மணலும் சேறும், பாதிவரை ஊற்றுத் தண்ணீர், இரண்டு தங்கமீன், ஒரு செடி. செடி எது தெரியுமா? வாலிஸ்நேரியா. மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜன் மீனுக்கு. கணக்கு சரிதான். ஆனால் கொஞ்ச நாளில் பழைய இலைகள் அழுக ஆரம்பித்தன. தண்ணீர் கலங்கியது, கண்ணாடியில் பாசி படர்ந்தது. சோதனை தோற்கும் நிலை.

அப்போது அவர் ஐந்தாறு குளத்து நத்தைகளைப் பிடித்துப் போட்டார். அவை அழுகிய இலையையும் பாசியையும் தின்றன, தண்ணீர் தெளிந்தது. நத்தை இட்ட முட்டையும் குஞ்சும் மீனுக்கு இரையாயின. மீன், செடி, நத்தை மூன்றும் சேர்ந்த பிறகுதான் கணக்கு முடிந்தது. 1850இல் லண்டன் வேதியியல் சங்கத்தில் இதை அறிவித்தார். மூன்றே வருடத்தில், 1853இல், லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்களுக்கு மீன் காட்சியகம் திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற சொல் வீடுவீடாகப் போயிற்று.

ஆக, நான் விஷம் வைத்தது வாரிங்டன் வேலைக்கு அமர்த்திய துப்புரவாளருக்கு. நத்தை பெருகியதற்குக் காரணமும் நத்தை இல்லை. மகள் காலையில் ஒரு தடவை, அவளுக்குத் தெரியாமல் நான் ராத்திரி ஒரு தடவை என்று தீனி போட்டுக்கொண்டிருந்தோம். மீன் தின்றது போக மிச்சமெல்லாம் நத்தைக்கு. ஆபீசில் சர்வர் அலாரம் அடித்தால் அலாரத்தின் வயரைப் பிடுங்கினவனை நான் சும்மா விடமாட்டேன். வீட்டில் அதைத்தான் நானே செய்திருக்கிறேன்.

சரி, இந்த நத்தைகள் யார்? என் தொட்டியில் இரண்டு வகை. ஒன்று சின்னது, மெல்லிய ஓடு. கூர்முனையை மேலே வைத்து வாயை நம் பக்கம் திருப்பினால் வாய் இடப்பக்கம் இருக்கும். சங்கில் இந்தத் திருப்பம் இருந்தால் அதற்குப் பெயர் வலம்புரி, விலை கேட்டால் தலை சுற்றும். தொட்டியில் இலவசம்! இதன் பெயர் பைசா அக்யூட்டா. (நம்மூர்ப் பைசா இல்லை.) 1805இல் பிரான்சில் கரோன் ஆற்றிலிருந்து எடுத்து டிராபர்னோ பெயர் வைத்தார். ஐரோப்பிய நத்தை என்றே ரொம்ப காலம் நம்பினார்கள். உண்மையில் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஆள் என்பது மிகப் பிந்தித்தான் தெளிவானது.

இன்னொன்று நீளமாக, திருகாணி மாதிரி. பகலில் மணலுக்குள் புதைந்து கிடக்கும், விளக்கணைத்தால் வெளியே வரும். ஓட்டப்பந்தயத்தில் ஜெயிக்காது, பெருகுவதில் ஜெயிக்கும். ஆண் தேவையில்லை, ஒற்றைப் பெண் நத்தை குஞ்சாகவே ஈன்றுவிடும். கடைக்காரர்கள் இதை 'மலேசிய' நத்தை என்பார்கள். ஆனால் 1774இல் டென்மார்க்கின் ஆட்டோ மியூல்லர் இதை முதலில் விவரித்தபோது கிடைத்த இடமாகக் குறித்தது சோழமண்டலக் கடற்கரை. நம்ம ஆள்! 1930களில் மீன்தொட்டி வணிகத்தோடு அமெரிக்கா போய், அங்குள்ள ஆறுகளில் இன்று இதுதான் வேண்டாத விருந்தாளி. அவர்கள் நத்தை இங்கே, நம் நத்தை அங்கே.

தொட்டிக்காரர்கள் பயப்படும் இன்னொரு பிராணி ஹைட்ரா. கண்ணாடியில் நூல் போல ஒட்டி, கைகளை விரித்து மீன்குஞ்சைப் பிடிக்கும். பார்த்ததும் விரலால் நசுக்கத் தோன்றும். செய்யாதீர்கள். 1740இல் ஹேக் நகருக்கு அருகே ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்த ஆபிரகாம் டிரெம்ப்ளே, இது செடியா விலங்கா என்று தெரிந்துகொள்ள இரண்டாக வெட்டிப் பார்த்தார். விலங்கென்றால் சாகும் என்பது எண்ணம். சில நாளில் இரண்டு துண்டும் முழு ஹைட்ராவாக நடமாடின. ஐரோப்பிய விஞ்ஞானிகள் ஆடிப்போனார்கள். தலையை வெட்ட வெட்ட முளைக்கும் கிரேக்கப் புராணப் பாம்பின் பெயரை லின்னேயஸ் இதற்கு வைத்தது அதனால்தான்.

இப்போது தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள். ராத்திரி ஒரு வெள்ளரித் துண்டைப் போட்டு, காலையில் அதில் மொய்த்த நத்தையோடு எடுத்துவிடுகிறேன். புதுச் செடி வாங்கினால் மூன்று வாரம் தனி வாளியில் கிடக்கும். மருந்து கிடையாது. நத்தை முழுசாகப் போகவில்லை, கண்ணாடி தெரிகிற அளவுக்குக் குறைந்திருக்கிறது. போதும்.

எடுத்த நத்தையை என்ன செய்வது என்பதுதான் மிச்சம். முதல் தடவை வாளியைத் தூக்கிக்கொண்டு தோவாளைச் சானல் வரைக்கும் போய்விட்டேன். பேச்சிப்பாறைத் தண்ணீர் ஓடுகிற சானல். உயிரோடு விட்டால் பாவமில்லை என்று ஒரு நினைப்பு. 1847இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பென்சனும் இப்படி ஆசையாகத்தான் மொரீஷியஸிலிருந்து ஆப்பிரிக்க ராட்சத நத்தையைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். நண்பரின் தோட்டத்தில் விட்டது, இன்று கேரளத் தோட்டங்கள்வரை அதன் சந்ததி. 2020 நவம்பரில் கோழிக்கோடு பக்கம் ஆவளப் பாண்டியில் வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்பாகப் பூத்துக்கிடந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியதே, அதுவும் தொட்டிகளில் அழகுக்கு வளர்க்கும் காபோம்பா என்ற தென் அமெரிக்கச் செடிதான்.

திருகாணி நத்தை இந்தச் சானலில் ஏற்கெனவே இருக்கும். ஆனால் வாளியில் வலம்புரிக்காரனும் இருந்தான், என்னென்ன கண்ணுக்குத் தெரியாததோ இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். நத்தையை வெயிலில் காயவைத்து ரோஜாத் தொட்டிக்கு உரமாகப் போட்டோம். தண்ணீர் முல்லைப் பந்தலுக்கு. இறால் இன்னும் வாங்கவில்லை. செம்பு போக இன்னும் சில தடவை தண்ணீர் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மகள் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.