சாணைக்கல் தோற்ற கதை

சவரக் கத்தியை உலகம் ஏன் கைவிட்டது என்று கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: கத்தி ஆளை வெட்டும், வெட்டாத ரேசர் வந்தது, எல்லோரும் மாறிக்கொண்டார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பொருந்துவதில்லை. பாரீஸில் கத்தி செய்து வாழ்ந்த ழான்-ழாக் பெர்ரே 1760களிலேயே சவரக் கத்தியின் அலகுக்கு மரத்தால் ஒரு காப்பு செய்துவிட்டார். விளிம்பு மட்டும் சற்றே வெளியே தெரியும். தோலுக்குள் ஆழமாக இறங்காது. 1847இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்சன், அலகைக் கைப்பிடிக்குக் குறுக்காகப் பொருத்திக் காப்புரிமை பெற்றார். 1880இல் நியூயார்க்கின் காம்ஃபே சகோதரர்கள் காப்பும் குறுக்கு அலகும் சேர்ந்த ரேசரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். வெட்டாத ரேசர் பிறந்து நூறாண்டுக்கு மேல் ஆன பிறகும், ஷெஃபீல்டிலும் சோலிங்கனிலும் சவரக் கத்திப் பட்டறைகள் மும்முரமாகவே இயங்கின. வெட்டுக்காயப் பயம்தான் காரணமென்றால் அந்தப் பட்டறைகள் அப்போதே படுத்திருக்க வேண்டும்.

காரணம் வேறிடத்தில் இருக்கிறது: கத்தியைக் கூராக வைத்திருக்கும் வேலையில். ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால் தோல் வாரில் முன்னும் பின்னும் இழுக்க வேண்டும்; முந்தைய சவரத்தில் மடங்கிய நுண்விளிம்பை அதுதான் நிமிர்த்துகிறது. வாருக்கும் மசியாத நிலை வந்தால் கல்லில் தீட்ட வேண்டும். சவரக் கத்தியைச் செய்தவர்கள் இதை எளிதாக்கவே பார்த்தார்கள். இருபுறமும் குழிவாகச் சாணை பிடித்த அலகைக் கல்மேல் படுக்க வைத்தால் தடித்த முதுகும் மெல்லிய விளிம்பும் ஒருசேரக் கல்லைத் தொடும். கோணம் தானாக அமைந்துவிடும். அவ்வளவு செய்தும், அழுத்தம் கொஞ்சம் கூடினால் விளிம்பு கெட்டது கெட்டதுதான். அதனால் வீட்டில் தானே சவரம் செய்துகொண்டவர்கள்கூடத் தீட்டும் வேலையை நாவிதரிடமோ கத்திக்காரரிடமோ கொடுத்தார்கள். காம்ஃபே ரேசர் இந்தச் சங்கடத்தைத் தொடவே இல்லை. அதற்குள் இருந்தது சவரக் கத்தியின் ஒரு துண்டு. அதைக் கழற்றி, தனிப்பிடியில் செருகி, வாரில் இழுக்க வேண்டும். பயம் போயிற்று, வேலை போகவில்லை. தூக்கியெறியும் பிளேடைக் கொண்டுவந்த கிங் கேம்ப் ஜில்லெட், 1895இல் தமக்குப் புது யோசனை உதித்த காலையைப் பற்றிப் பின்னாளில் சொன்னதைக் கவனித்தாலும் இதுவே தெரியும். அவர் குறைப்பட்டது கன்னம் வெட்டுப்பட்டதற்காக அல்ல. வாரில் தீட்டியும் சரிவராத அளவுக்கு ரேசர் மழுங்கிப்போனதற்காக.

அவர் தேடியது தீட்டவே வேண்டாத அலகு. மலிவான மெல்லிய எஃகுத் தகட்டைக் கடினமாக்கி விளிம்பு கட்ட முடியாது என்று உலோகம் அறிந்தவர்கள் கைவிரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர்தான் அதற்கு வழி கண்டு இயந்திரமும் அமைத்தார். பெயர் ஜில்லெட்டுக்குப் போய்விட்டாலும் பாதிப் புகழ் இவருக்கு உரியது. ஜில்லெட் கம்பெனி 1903இல் விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள். அடுத்த ஆண்டில் 90,884 ரேசர்கள். இங்கே இரண்டு மறுப்புகள் வரும். பிடியை ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்து பிளேடில் லாபம் பார்த்த தந்திரம்தான் வென்றது என்பது வணிகப் பாடங்களில் நிலைத்துவிட்ட கதை. ஆனால் அந்த ரேசரின் விலை 5 டாலர். நல்ல சவரக் கத்தியே அதைவிட மலிவாகக் கிடைத்த காலம் அது. 1921இல் காப்புரிமை முடியும்வரை கம்பெனி விலையை இறக்க அவசரப்படவில்லை. இன்னொரு மறுப்பு, முதல் உலகப் போர்தான் இதைப் பரப்பியது என்பது. அமெரிக்க ராணுவத்துக்குச் சுமார் 35 லட்சம் ரேசர்கள் போனது உண்மை. ஆனால் போர் தொடங்குவதற்குப் பத்தாண்டு முன்பே விற்பனை ஏறத் தொடங்கிவிட்டது. பதுங்குகுழியில் கல்லுக்கும் வாருக்கும் இடமேது? நகரத்து மனிதன் அலுத்துக்கொண்டதை அங்கே சிப்பாயால் செய்யவே முடியவில்லை, அவ்வளவுதான்.

சவரக் கத்தியின் ஆதரவாளர்கள் சொல்வதில் வலுவானது சிக்கனம்: ஒரு கத்தி இரண்டு தலைமுறைக்கு வரும், குப்பையும் இல்லை. சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் தீட்டும் உழைப்புக்குக் கூலி எழுதுவதில்லை. ஒரே ஒரு தாடைக்காகக் கல்லும் வாரும் பழகுவது வீண்செலவு. நாளுக்கு முப்பது தாடை வரும் கடையில் அதே உழைப்பு பங்கிடப்பட்டு அற்பமாகிவிடும். வீடுகளில் பிளேடு புகுந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் தமிழ்நாட்டு நாவிதரின் அடைப்பத்தில் கத்தியும் தீட்டுக்கல்லும் இருந்ததற்கு, பழமைப் பற்றைவிட இந்தக் கணக்கே நல்ல விளக்கம்.

கணக்கை மாற்றியது நோய். 1986இல் சென்னையில் எடுக்கப்பட்ட ரத்த மாதிரிகளில், இந்தியாவில் முதன்முதலாக எச்ஐவி தொற்று கண்டறியப்பட்டது. அதன்பின் பரவிய எய்ட்ஸ் அச்சத்தில், பலர் முகத்தில் போய்வந்த ஒரே விளிம்பை யாரும் விரும்பவில்லை. சலூன்கள் மாறின, ஆனால் எதற்கு மாறின என்பதில்தான் விஷயம். காப்பு வைத்த ரேசருக்குப் போகவில்லை. ஜில்லெட் வழியில் வந்த இருமுனை பிளேடை இரண்டாக ஒடித்து, மடக்குக் கத்தி வடிவத்துப் பிடியில் பாதியைச் செருகினார்கள். பெர்ரேயிடமும் காம்ஃபேயிடமும் காப்பு இருந்தது, தூக்கியெறியும் பிளேடு இல்லை. கத்தியை அசைக்க முடியவில்லை. சலூனில் பிளேடு இருக்கிறது, காப்பு இல்லை. பழைய கத்தி ஏறக்குறைய மறைந்தேவிட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

அப்படியானால் கடைசியில் நாவிதரை மாற்றியதும் பாதுகாப்புதானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் அந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது, ஒவ்வொருவருக்கும் விளிம்பு புதிதாக இருப்பது. அந்தப் பாதி பிளேடு பழைய கத்தியைப் போலவே, ஏன், அதைவிடச் சுலபமாகவே வெட்டும். காப்பு வைத்த ரேசரில் விளிம்பு மறைந்துவிடும். மீசையோரத்தையும் கிருதாவையும் கோடு போட்டதுபோல் ஒதுக்க, விளிம்பு எங்கே படுகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். எனவே பிடிக்கும் கோணமும் மணிக்கட்டின் பழக்கமும், தோலை இழுத்துப் பிடிக்கும் மற்றக் கையின் வேலையும் அப்படியே இருக்கின்றன. புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன் இன்றும் அவற்றைக் கற்கிறான். தீட்டுவதை மட்டும் கற்பதில்லை.