திருகோணமலைத் துறைமுகத்தின் அகலக்காட்சிச் சித்திரங்கள்

அகலக்காட்சி என்பது, ஒரு பார்வையில் அடங்காத நிலப்பரப்பை, உயரம் குறைந்து நீளம் மிகுந்த சித்திரமாகத் தீட்டும் முறை. ஈழத்தின் கீழ்க்கரையில் இதற்கு இயல்பாகவே இடந்தந்தது திருகோணமலைத் துறைமுகம். வடக்கே உப்புவெளிக் கரையில் நின்று நோக்குவார்க்குக் குடாவின் தென்கோடியில் கோணேசர்மலை எழுந்து நிற்க, உட்டுறையும் கொட்டியாறுக் குடாவும் அதற்கப்பால் மறைந்து கிடப்பதால், முழுவதையும் காட்ட விரும்பும் சித்திரகாரர் ஒன்றில் குன்றேறவேண்டும்; அல்லது தாளை நீட்டவேண்டும்.

மாலுமிகளின் கரைத்தோற்றப் படங்களே இவ்வகைக்கு முன்னோடி எனலாம். கப்பல் தளத்திலிருந்து கண்ட முகடுகளைத் தாளின் குறுக்கே ஒரே கோடாக ஓட்டி, வேண்டிய முகடுகளின் தலைமேல் எழுத்திட்டு, எத்திசையில், எவ்வளவு தொலைவில் நின்று கண்டது என்பதையும் குறிப்பார்கள். துறைபுகும் கப்பல் பாறையில் மோதாதிருப்பதே நோக்கமாதலின், மேகங்களுக்கு அங்கே வேலையில்லை.

1782இல் இத்துறை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், அவ்வாண்டிலேயே அவரிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது.

1795இல் ஆங்கிலேயர் மீண்டும் கைப்பற்றிய பின்னரே இத்துறையின் சித்திரச் சரித்திரம் விரிவடைகிறது. ஊலிச் இராணுவக் கல்விச்சாலையில் 1768 முதல் பால் சாண்ட்பி சித்திரம் பயிற்றிவந்தமையால், பீரங்கிப்படை அதிகாரிகளுக்கும் தூரிகை பழக்கமாயிருந்தது. இலண்டனிலோ, இராபர்ட் பார்க்கர் 1787இல் உரிமம் பெற்ற, வட்டமண்டபச் சுவரைச் சுற்றித் தீட்டும் அகலக்காட்சி ஜனங்களை மயக்கிக்கொண்டிருந்தது. 1800இல் இராபர்ட் கெர் போர்ட்டர் தீட்டிய சீரங்கப்பட்டண முற்றுகைச் சித்திரத்தின் நீளம் 120 அடி என்பர் ஒருசாரார். 200 அடிவரை சொல்வாரும் உளர். அது பின்னர் தீக்கிரையாயிற்று.

இச்சூழலில் இலங்கை வந்தவர் சாமுவேல் டானியல். வந்த ஆண்டு 1805 என்றும் 1806 என்றும் இருவகையாகக் கூறுவர். தேசாதிபதி மெயிற்லண்டு இவரை வனங்களின் பரிபாலகராக நியமித்தார். 1808இல் வெளியான இவரது பன்னிரண்டு இலங்கைச் சித்திரங்களுள் ஒன்று, குன்றின்மேலுள்ள ஒஸ்டென்பர்க் கோட்டையிலிருந்து கண்ட திருகோணமலைத் துறைமுகம். தாளை நீட்டாது குன்றேறியே விசாலத்தைப் பெற்றவராதலின், இவரை அகலக்காட்சியாளர் வரிசையில் வைப்பது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். ஆயினும் அவ்வுயரத்தைத் தேர்ந்த கண்ணே அவ்வகைக் கண் என்று கொள்வதில் பெரும் பிழையில்லை. காட்டுச் சதுப்புகளில் அலைந்து காய்ச்சல் கண்டு, 1811 டிசம்பரில் இத்தீவிலேயே காலமானார். சகோதரர் வில்லியம், 1830களின் தொடக்கத்தில் பாரிஸ் என்னும் ஓவியரோடு சேர்ந்து சென்னை நகரத்தின் அகலக்காட்சியை இலண்டனில் அமைத்தார்.

1870களில் இலங்கையில் தங்கிய கான்ஸ்டன்ஸ் கோர்டன் கமிங் அம்மையார் நீர்வண்ணத்தில் வல்லவர். சுவாமிமலை எனவும்படும் கோணேசர்மலையின் வழிபாட்டை 1892இல் வெளியிட்ட நூலில் வர்ணித்துள்ளார். பிற்காலத்தில் புகைப்படத் தகடுகளை அடுத்தடுத்து ஒட்டும் வழக்கம் தூரிகையின் இடத்தைப் பிடித்தது. இன்று உப்புவெளிக்கு வரும் உல்லாசப் பயணிகள் கைத்தொலைபேசியை இடமிருந்து வலமாகத் திருப்பிக் குடா முழுவதையும் எடுத்துக்கொள்கின்றனர்.