பெரு நாட்டுக் காலராவும் மீன் மேல் விழுந்த பழியும்

ஊரில் காலரா என்று சேதி வந்தால், வீட்டுக்காரர்கள் முதலில் எதை வாங்குவதை நிறுத்துவார்கள்? 1991-ல் பெரு நாட்டில் நிறுத்தியது மீனை.

அந்த நாட்டுக்காரர்களுக்கு உயிரான பண்டம் செவிச்சே. பச்சை மீனைத் துண்டு போட்டு, எலுமிச்சைச் சாறு பிழிந்து, வெங்காயம், மிளகாய், உப்பு சேர்த்து ஊறவைப்பார்கள். அடுப்பே வேண்டாம்! 1991 ஜனவரியில் காலரா தலைகாட்டிய இடங்களோ சான்காய், சிம்போட்டே போன்ற கடற்கரை ஊர்கள். அப்புறம் சந்தேகம் வேறெங்கே போகும்? அந்த ஆண்டு மட்டும் பெருவில் 3,20,000 பேருக்கு மேல் நோய் கண்டது. சுமார் 2,900 பேர் இறந்தார்கள்.

பச்சை மீன் வேண்டாம் என்று சுகாதார அமைச்சர் கார்லோஸ் விடால் எச்சரித்தார். நன்றாக வேகவைத்த மீனில் காலராக் கிருமி பிழைக்காது. ஆனால் பயம் வந்த வீட்டில் பச்சை, வெந்தது என்று யார் பிரித்துப் பார்ப்பது? மொத்த மீன் வியாபாரமும் படுத்துவிட்டது. வெளிநாடுகளும் பெரு மீனுக்குக் கதவைச் சாத்தின. அன்றாடம் கடலுக்குப் போனால்தான் சோறு என்றிருந்த மீனவர்களின் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நேரத்தில்தான் அதிபர் ஃபுஜிமோரி தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால் செவிச்சே சாப்பிட்டுக் காட்டினார். சுகாதார அமைச்சர் ஒன்று சொல்ல, அதிபர் வேறொன்று செய்ய, மக்கள் யாரை நம்புவார்கள், சொல்லுங்கள்? மார்ச் மாதம் விடால் பதவி விலகினார்.

உண்மையான குற்றவாளி பெரும்பாலும் தண்ணீர்தான். ட்ருஹியோ நகரில் ஆய்வாளர்கள் வீடு வீடாக விசாரித்தபோது, காய்ச்சாத குழாய்த் தண்ணீரும், கையை விட்டு மொண்டு குடித்த பாத்திரங்களும்தான் மாட்டின. அந்த நகரத்துக் குடிநீரில் குளோரினே கலக்கவில்லை. தலைநகர் லிமாவின் குடிசைப் பகுதிகளில் லாரித் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்துப் பல நாள் புழங்கினார்கள்.

என் கணிப்பு இதுதான்: மீனை விட்டுவிட ஒரு குடும்பத்தால் முடியும், தண்ணீரை விட முடியாது. காய்ச்சிக் குடிக்கலாம் என்றால் எரிபொருளுக்குக் காசு வேண்டும். 1990-ன் பணவீக்கம் 7,000 சதவீதத்தைத் தாண்டியிருந்த நாடு அது! ஆகவே கைக்கு எட்டிய தற்காப்பைச் செய்தார்கள். அதை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மீன் முழுக்க நிரபராதி என்றும் சொல்லிவிட முடியாது. பக்கத்து நாடான ஈக்வடாரில், குவாயாகில் நகரத்து ஆய்வில், காய்ச்சாத தண்ணீரோடு பச்சையாகத் தின்ற கடலுணவும், சமைத்த நண்டும்கூடப் பட்டியலில் வந்தன. சும்மா ஒரு கொதி விட்டு இறக்கிய நண்டுக்குள் கிருமி உயிரோடு இருக்குமாம்.

செவிச்சே பெருவின் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பிவிட்டது. 2008-ல் அரசாங்கமே ஜூன் 28-ஐ செவிச்சே தினமாக அறிவித்தது. காலரா அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. 1992-லும் பெருவில் 2,00,000 பேருக்கு மேல் அதில் விழுந்தார்கள்.