ரேடியோ நெல்லும் யூடியூப் பாடமும்

ஆசான் எதிரே இல்லாமலே தொழில் கற்றுத்தர முடியும் என்பதைத் தஞ்சை வட்டாரத்தில் முதலில் நிரூபித்தது வானொலி. 1966இல் திருச்சி நிலையம் உழவர்களுக்கென்று தனி ஒலிபரப்பைத் தொடங்கியது. நாற்றங்கால், உரம், பூச்சி மருந்து என்று பருவத்துக்கு ஏற்ற பாடம் காற்றில் வந்தது. குறுகிய கால வயதுள்ள ஆடுதுறை 27 நெல் ரகம் அப்போதுதான் குறுவைக்குப் புதிதாக வந்திருந்தது. அதன் சாகுபடி முறையை உழவர்கள் வானொலியில் கேட்டுக் கற்றதால், அந்த ரகத்துக்கே ரேடியோ நெல் என்று பெயர் விழுந்தது. வேளாண் துறையின் எந்த விளம்பரமும் இவ்வளவு எளிதில் ஊருக்குள் நுழைந்திருக்காது. ஆனால் சொன்ன நேரத்தில் பெட்டியருகே இல்லாதவருக்குப் பாடம் போனது போனதுதான். நாற்றை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்பதைக் காதால் பார்க்கவும் முடியாது.

அந்தக் குறையைத் தொலைக்காட்சி பாதி தீர்த்தது. 1967 ஜனவரி 26 அன்று டெல்லியில் ‘கிருஷி தர்ஷன்’ என்ற உழவர் நிகழ்ச்சி தொடங்கியது. விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய் முன்னின்று வகுத்த ‘சைட்’ என்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் திட்டம் அதைவிடத் துணிச்சலானது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக்கு நாசா இரவல் தந்த ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள், 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகப் படம் அனுப்பியது. கோழி வலைக் கம்பியில் செய்த ஆன்டெனாக்கள் அதை வாங்கின. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. தவணை முடிந்ததும் செயற்கைக்கோள் திரும்பிப் போனது.

2005இல் யூடியூப் வந்தபோது நேரக் கட்டுப்பாடு ஒழிந்தது. யாரும் பாடம் எடுக்கலாம்; கற்பவர் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி பார்க்கலாம். இந்தியாவில் 2016க்குப் பின் டேட்டா மலிவானதும் மோட்டார் கட்டுபவரும், ரவிக்கை தைப்பவரும் கைப்பேசியைச் சாய்த்துவைத்து வேலை செய்யத் தொடங்கினர். பழைய பட்டறைகளில் இரண்டு மூன்று ஆண்டு எடுபிடி வேலை பார்த்த பிறகே கிடைத்த நுணுக்கம், இப்போது கேட்ட மாத்திரத்தில் கிடைக்கிறது. அது லேசான மாற்றமல்ல.

கையைப் பிடித்துத் திருத்த மட்டும் வீடியோவுக்குத் தெரியாது. 2006இல் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் ரிக்கின் காந்தி குழு தொடங்கிய ‘டிஜிட்டல் கிரீன்’ இதற்கு விடை தேடியது. உள்ளூர் உழவர்களையே நடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஊர்க்காரர் ஒருவர் அதைக் கூட்டத்தில் போட்டு, இடையிடையே நிறுத்தி, கேள்வி கேட்டு, சந்தேகம் தீர்த்தார். பக்கத்து ஊர்க்காரர் செய்து காட்டுவதை நம்பியவர்கள், நிபுணர் பேச்சை அந்த அளவுக்கு நம்பவில்லை. 2008இல் தனி நிறுவனமான அது, பின்னர் இதே முறையை எத்தியோப்பியாவுக்கும் கொண்டுசென்றது.