திறந்த கடலும் அடைத்த துறைமுகமும்

சர்வதேசச் சட்டம் பற்றிய எந்தப் பாடநூலைத் திறந்தாலும் ஆரம்ப அத்தியாயத்திலேயே ஹியூகோ குரோசியஸின் பெயர் வந்துவிடும். அச்சட்டத்தின் தந்தை என்பார்கள். அவர் ஓர் ஒல்லாந்தர் என்று படித்ததும் எனக்கு நினைவில் வந்தது மட்டக்களப்புக் கோட்டைதான். சிறுவயதில் வாப்பாவோடு கச்சேரிக்குப் போன நாட்களில் அதன் மதிலோரம் நின்று வாவியைப் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்பது வெகுகாலம் கழித்தே புரிந்தது.

1603 பெப்ரவரியில், ஜொகூர் ஆற்று முகத்துக்கு அண்மையில், ஹேம்ஸ்கேர்க் என்ற ஒல்லாந்தத் தளபதி சாந்தா கத்தரீனா எனும் போர்த்துக்கேயக் கப்பலைப் பிடித்தான். பட்டும் பீங்கானும் நிறைந்த அக்கப்பலின் சரக்கு அம்ஸ்டர்டாமில் முப்பது இலட்சம் கில்டருக்கு மேல் ஏலம் போனது. இது கொள்ளையா, நியாயமான போர்ப் பரிசா? கேள்வி எழுந்ததும் கிழக்கிந்தியக் கம்பனி இருபதுகளில் இருந்த ஒரு சட்டத்தரணியை நாடியது. அவரே குரோசியஸ். அவர் எழுதிய நீண்ட நூலின் ஓர் அத்தியாயம் மட்டும் 1609 இல், ஆசிரியர் பெயரின்றி, 'சுதந்திரக் கடல்' எனப் பொருள்படும் இலத்தீன் தலைப்பில் வெளிவந்தது.

வாதம் எளிமையானது, அழகானதுங்கூட. கடல் காற்றைப் போன்றது, எவரும் கைப்பற்றித் தமதாக்க முடியாதது. பாப்பரசர் பங்கிட்டுக் கொடுத்ததால் மட்டும் கீழைக்கடல் போர்த்துக்கேயருடையதாகிவிடாது. அங்குள்ள மக்களுக்குச் சொந்த மன்னரும் சட்டங்களும் உண்டு. அவ்விடத்தில் 'தப்ரபேன்' என்ற பெயரும் வருகிறது; அதை இலங்கை என்றே ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களும் உளர். அரபிகளும் குஜராத்திகளும் நம் சோனக மூதாதையரும் நூற்றாண்டுகளாக வழக்கமாகச் செய்துவந்ததையே அவர் கோட்பாடாக எழுதினார் என்று எனக்குத் தோன்றும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த அலெக்சாந்திரோவிச் 1967 இல் வெளியிட்ட நூலும், கீழைத்தேய நடைமுறைக்கு அச்சட்டத்தின் உருவாக்கத்தில் பங்குண்டு என்றே வாதிடுகிறது.

ஆனால் 1613 இல் லண்டன் பேச்சுவார்த்தையில் ஆங்கிலேயர் அதே நூலை அவர் முன் எடுத்துப் போட்டார்கள். கடல் எல்லோருக்கும் என்றால் வாசனைத் திரவியத் தீவுகளுக்கு நாங்கள் ஏன் வரக்கூடாது? உள்ளூர் ஆட்சியாளர் எங்களோடு தனியுரிமை ஒப்பந்தம் செய்திருக்கிறார்கள், ஒப்பந்தம் மீறப்படலாகாது என்பதே குரோசியஸின் நிலைப்பாடு. சர்வதேசச் சட்டத்தின் இரண்டாவது தூண் இது.

அந்தத் தூணை நம் மண்ணில் வைத்துப் பார்க்கலாம். 1638 மே மாதம் மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து வீழ்ந்தது. சில நாட்களில், 23 ஆந் திகதி, இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை செய்தனர். 1626 இல் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களை இப்பக்கம் குடியேற்றிய செனரத்தின் மகன்தான் இந்த இராஜசிங்கன். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைக்கலாம், "மன்னன் விரும்பினால்" என்று அவனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதி சொன்னது. ஒல்லாந்தப் பிரதியில் அந்தச் சொற்கள் இல்லை! 1640 இல் காலியும் 1656 இல் கொழும்பும் விழுந்தபோது கோட்டைக்குள் ஒல்லாந்தர் இருந்தனர், மன்னன் வெளியே நின்றான். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதாகச் சிங்களவர் இன்றும் சொல்வார்கள்.

1969 ஆம் ஆண்டின் வியன்னா சமவாயம், சமமாக ஏற்கப்பட்ட இருமொழிப் பிரதிகள் ஒரே பொருளையே தருவதாகக் கொள்ளவேண்டும் என்கிறது. மோசடியால் பெறப்பட்ட சம்மதத்தை மறுக்கவும் இடமளிக்கிறது. இராஜசிங்கனுக்கு அப்படி முறையிட ஒரு மன்றமும் இருக்கவில்லை. அவனுடைய கைவசம் இருந்தது காடும் யுத்தமுந்தான்.

கம்பனி பிறகு கறுவாவோடு நிற்கவில்லை. பாக்கும் யானையும் அதன் பிடிக்குள் வந்தன. தென்னிந்தியக் கரைக்கும் நமக்கும் இடையே ஓடிய சோனகரின் தோணிகள் அனுமதிச்சீட்டுக்குக் காத்துக் கிடந்தன. ஈற்றில் 1766 உடன்படிக்கையால் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்குரியதாயிற்று. கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்துக்குச் சொந்தமாக ஒரு துறைமுகமும் இல்லை. கடலை எவரும் அடைக்க முடியாது என்று எழுதியவரின் கம்பனி, கடலைத் தொடாமல் கரையை அடைத்துக் காட்டியது.

இருநூறாண்டுகள் கடந்து, 1973 இல் ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற்சட்ட மாநாடு கூடியபோது தலைமை ஆசனத்தில் அமர்ந்தவர் ஓர் இலங்கையர், ஷெர்லி அமரசிங்க. 1980 இல் அவர் காலமானார். சமவாயம் 1982 இல் கையெழுத்தானது. அதன் ஒரு பகுதி, கடலோரமற்ற நாடுகள் கடலை அடைவதற்கான உரிமையைப் பற்றியது. அதைப் படிக்கும்போது எனக்குக் கண்டி நினைவுக்கு வந்தது.