தேயிலைப் பெட்டியும் கூத்து முடியும்: மலையக அரங்கப் பொருட்களின் பொருளியல் அடிப்படை குறித்துச் சில கருத்துக்கள்

மலையகக் கூத்துக்கள் பற்றிக் கடந்த சில தசாப்தங்களில் எழுதப்பட்டவற்றை நோக்குமிடத்து, பாடல்களும் கதைப்போக்கும் சடங்கு முறைகளும் பெற்ற கவனத்தைக் கூத்தரின் தலையிலும் தோளிலும் கையிலும் விளங்கிய பொருட்கள் பெறவில்லை என்பது புலனாகும். முடி, புஜகீர்த்தி, வாள், கேடயம் ஆகியன வெறும் அலங்காரங்களாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளன. ஆயின், அவையும் மனித உழைப்பின் விளைபொருட்களே. அகலமும் விறைப்பும் உடையதாய், அதேவேளை இரவு முழுவதும் ஆடுவோனின் கழுத்து தாங்குமளவு இலேசானதாய் அமைந்த ஒரு தட்டு எங்கிருந்து கிடைத்தது என்னும் வினா, இறுதியில் உற்பத்தி உறவுகள் பற்றிய வினாவேயாகும்.

தமிழகத்துத் தெருக்கூத்தில் இவ்வினாவுக்குக் கிராமமே விடை தந்தது. கல்யாணமுருங்கை போன்ற மென்மரத்தைச் செதுக்கி, வண்ணத்தாளும் கண்ணாடித் துண்டுகளும் பதித்து அணிகலன்கள் செய்யப்பட்டன. அவற்றைக் ‘கட்டை’ என வழங்கியமையாலேயே ‘கட்டைக்கூத்து’ என்ற பெயர் எழுந்தது. மட்டக்களப்பு வடமோடிக் கூத்தின் கரப்புடுப்போ பிரம்பு வளையங்களால் விரித்து நிறுத்தப்படுவது. இரண்டிடத்தும் மூலப்பொருள் சுற்றாடலில் கிடைத்தது. கைவினைஞனும் ஊருக்குள்ளேயே இருந்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிச் சீமைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் உடன் கொணர்ந்தனர். கூத்துக்குரிய மரத்தைக் கொணர இயலவில்லை. காடு முதலிற் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் அழிக்கப்பட்டது. எஞ்சிய மரம் தோட்டத்தின் உடைமையாயிற்று. அம்பிட்டியவிலிருந்து தலாத்துஓயா வழியே செல்லும் பாதை, 1867இல் ஜேம்ஸ் டெயிலர் வர்த்தக அளவில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரப் பகுதிக்கு இட்டுச் செல்வது. அம்பிட்டியவுக்கு அண்மையிலுள்ள ஹந்தானைச் சரிவில் 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை இன்று நூதனசாலையாக விளங்குகின்றது. இச்சூழலில், காட்டின் இடத்தைத் தேயிலைப் பெட்டி பெற்றது எனக் கூறுதல் மிகையாகாது.

ஒட்டுப்பலகைப் பெட்டியின் வரலாறு ஏகாதிபத்திய வணிகத்தின் வரலாறாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எஸ்தோனியாவிற் செய்யப்பட்ட பெட்டிகளை வெனெஸ்டா என்னும் பிரித்தானிய நிறுவனம் விற்கத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலங்கையிலேயே, காலிக்கு அண்மையிலுள்ள கிந்தோட்டையில், ஒட்டுப்பலகை உற்பத்தி ஆரம்பமாயிற்று. மெல்லிய மர ஏடுகளை, ஒன்றின் நார் மற்றதன் நாருக்குக் குறுக்காக அமையுமாறு ஒட்டுவதால் இப்பலகை எளிதில் வளையாது, பிளவாது. பெட்டியின் விளிம்புகளைத் தகரப் பட்டிகள் இறுக்கின. உட்புறத்தை ஈயத்தாள் அல்லது அலுமினியத் தாள் மூடியது. முடிக்கு வேண்டிய விறைத்த தட்டு, அதனைப் பிணைக்கும் தகரம், மேலே ஒட்டும் மினுக்கம் ஆகிய மூன்றும் ஒரே பெட்டியில் அடங்கியிருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

நிறைந்த பெட்டி கொழும்பு வழியாக இலண்டனுக்குச் சென்றது. உடைந்து கழிந்ததே தொழிலாளிக்கு எட்டியது. பெட்டியை நிரப்பியவன் பெட்டிக்கும் உரியவனல்லன் என்பதே தோட்டப் பொருளாதாரத்தின் நியதி. ஆயினும், கழிவாகக் கிடைத்ததை அவன் கழிவாகவே விட்டுவிடவில்லை. லயத்து அறையில் அது தட்டாகவும் மறைப்பாகவும் பயன்பட்டது. மாசி மாதத்தில் மன்மதனின் முடியாவதற்கும் தகுதி பெற்றிருந்தது. பெட்டியின் ஒரு பக்கம் ஏறத்தாழ இரண்டடியே. அதனிலும் பெரிய உருவம் வேண்டின் துண்டுகளை இணைத்தே ஆக வேண்டும். தேவலோகத்து அரசனின் முடிக்கும் ஏற்றுமதிச் சந்தையே எல்லை வகுத்தது.

1980களிலிருந்து ஒட்டுப்பலகைப் பெட்டியின் இடத்தைப் பல்லடுக்குக் கடதாசிச் சாக்கு படிப்படியாகப் பிடித்துக்கொண்டது. இன்று அம்பிட்டிய போன்ற இடங்களில் நாடகம் போடும் இளைஞர் முன்னுள்ள வழிகள் இரண்டு. ஒன்று, கண்டிக் கடைகளில் எட்டடிக்கு நான்கடி ஒட்டுப்பலகையோ ரெஜிபோமோ விலைக்கு வாங்குதல். அத்தகைய தட்டைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. வாகனக் கூலியும் சேரும். மற்றையது, கடைகளிற் கழியும் காட்போட் பெட்டி. தனித் தாளாக இது மாசிப் பனியில் நனைந்து தொய்ந்துவிடும். ஆயின், இரண்டு மூன்று தாள்களை அவற்றின் உள்வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையுமாறு பசையிட்டு ஒட்டி, பாரமேற்றி உலரவைத்து, இருபுறமும் வர்ணம் பூசினால் போதிய விறைப்பும் ஓரளவு ஈரம் தாங்கும் தன்மையும் கிடைக்கும். ஒட்டுப்பலகையின் தத்துவமே இங்கும் தொழிற்படுகின்றது.

சி. வி. வேலுப்பிள்ளை போன்றோரின் முயற்சியால் மலையக மக்களின் பாடல்கள் ஏட்டிலேறின. அவ்வாறே இம்மக்களின் பொருட்பண்பாடும் பதிவு பெறுதல் வேண்டும். முடியொன்றைக் காணும் ஆய்வாளர் அதன் அழகை வியப்பதுடன் அமையாது, அதன் பின்புறத்தைத் திருப்பி நோக்குதல் அவசியம். பலகையின் கனம், ஆணியின் வகை, தாளின் எச்சம், பெட்டியில் அச்சிட்ட தோட்டப் பெயரின் அழிந்த எழுத்து ஆகியன அங்கே எஞ்சியிருக்கக்கூடும். கூத்தின் பாட்டுச் சொல்லாத வரலாற்றின் ஒரு பகுதியை அவற்றிலிருந்து நாம் மீட்டெடுக்கலாம். பழைய முடிகள் கறையானுக்கும் அடுப்புக்கும் இரையாகுமுன் இப்பணி தொடங்கப்பட வேண்டும்.